டீசல் மெத்தை விசாரணை

நான் யாரையும் எளிதில் சந்தேகப்படுகிறவன் இல்லை என்றுதான் இந்தக் கட்டுரையின் முதல் வரியை எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். இதை முதலில் படிக்கப் போகிறவள் என் மனைவி ஈஸ்வரி. அவள் சிரித்தால் பக்கத்துத் தோப்பு வரை கேட்கும்.

ஆகவே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பால்காரர் ஒரு நாள் பத்து நிமிடம் முன்னதாக வந்தால் அதைக் குறித்து வைக்கிற ஆள் நான். கிழக்குப் பாலக்காட்டில், பெருமாட்டியில் எங்களுக்குத் தென்னந்தோப்பும் கொஞ்சம் வயலும் உண்டு. இருபத்தெட்டு வருடமாக நாள் தவறாமல் டைரி எழுதுகிறேன். மோட்டார் எத்தனை மணிக்குப் போட்டது, எந்த மரத்தில் வண்டு துளைத்தது, எந்த உறவினர் எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குக் கிளம்பினார், எல்லாம் அதில் இருக்கும். (கிளம்பிய நேரத்தை மட்டும் கொஞ்சம் சந்தோஷமாக எழுதியிருப்பேன்.)

ஐம்பத்து மூன்றாவது வயதில் எனக்கு ஒரு ஆசை வந்தது. பழைய பள்ளிக்கூட வேன் ஒன்றை வாங்கி, இருக்கைகளை எடுத்துவிட்டு, உள்ளே இரண்டு கட்டில், ஒரு அடுப்பு, கை கழுவும் தொட்டி என்று வைத்து, மலைக்கு வரும் சுற்றுலாக்காரர்களுக்கு வாடகைக்கு விடுவது. இப்போது இதைக் கேம்பர் வேன் என்கிறார்கள். ஈஸ்வரி "சக்கரம் வெச்ச ஊடு" என்பாள். திரைச்சீலை அவள் தைத்தது. மற்ற எல்லாம் தச்சரைப் பக்கத்தில் நின்று படுத்தியெடுத்து நான் செய்வித்தது.

ஆனால் மலையில் வண்டி ஓட்ட எனக்கு வராது. டிராக்டர் ஓட்டுவேன், அதுவும் சமதரையில். இங்கேதான் முருகேசன் வருகிறான். குமுளிக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவன். அந்த எஸ்டேட் ஃபேக்டரியில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். பத்து வருடத்துக்கு முன் நாங்கள் தேக்கடி பார்க்கப் போனபோது பழக்கமாகி, அதன்பிறகு வீட்டு ஆள் மாதிரி ஆகிவிட்டான். வேன் யோசனையைச் சொன்னதும், "நீங்க செய்யுதியன்னா நான் வாறேன் அண்ணாச்சி" என்று எஸ்டேட் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டான். அந்த இடத்துக்கு மறுநாளே வேறு டிரைவர் போட்டுவிட்டார்கள். திரும்பிப் போக வழியில்லை. என் வேன் ஓடினால்தான் அவனுக்கு வேலை. இதை நான் அப்போதே டைரியில் எழுதியிருக்கிறேன். எழுதியதோடு சரி, ஞாபகத்தில் வைத்துக்கொள்ளவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை, புதுப் பஞ்சு மெத்தைகள் இரண்டையும் கட்டில்மேல் போட்டு, சூடம் காட்டி, வண்டியை அவனோடு அனுப்பிவைத்தோம். அந்த வாரம் முழுக்க அவன் மலைப் பாதையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். அடுத்த வாரம் சனிக்கிழமை முதல் விருந்தினர்கள். மதுரையிலிருந்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவரும் அவர் கணவரும் மூன்று நாள் வேனிலேயே தங்கிச் சுற்ற வருகிறார்கள்.

மூன்றாம் நாள் போன் வந்தது.

"அண்ணாச்சி, வண்டிக்குள்ள டீசல் வாடை அடிக்கி. கதவச் சாத்துனா தலை சுத்துது."

"எங்கிருந்து வருது?"

"மெத்தையில இருந்துதான் வருது. டேங்கு, குழா எல்லாத்தையும் மெக்கானிக்க வச்சுப் பாத்தாச்சி. ஒரு சொட்டு ஒழுக்குக் கிடையாது."

போனை வைத்தவுடன் எழுதினேன்: "புதன், காலை 9.40. மெத்தையில் டீசல் வாடை என்கிறான். வண்டி இங்கே நின்ற இரண்டு மாதத்தில் ஒரு வாடையும் இல்லை. அவன் கைக்குப் போன மூன்றாம் நாள் வருகிறது. அதையும் அவனே முந்திக்கொண்டு சொல்கிறான்."

கடைசி வாக்கியத்தின் கீழ் ஒரு கோடு போட்டேன்.

குமுளிக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. மலைப் பாதையில் இறங்கினால் தமிழ்நாட்டுக் கம்பம். எல்லைக்கு அந்தப் பக்கம் டீசல் கொஞ்சம் மலிவு. கேனில் பிடித்துக்கொண்டு மேலே ஏறுகிறவர்கள் உண்டு என்று எல்லோருக்கும் தெரியும். முருகேசன் ஓட்டிப் பார்க்கிறேன் என்று இரண்டு முறை கம்பம் போய் வந்ததாக அவனே சொல்லியிருந்தான். என் மனத்தில் படம் முழுதாக விரிந்துவிட்டது: ஈஸ்வரி தைத்த திரைச்சீலைகளுக்குப் பின்னால், புது மெத்தைக்கு அடியில், வரிசையாக டீசல் கேன்கள் மெதுவாக ஆடிக்கொண்டு மலை ஏறுகின்றன. காலைச் சாப்பாட்டுக்கு முன் வழக்கு முடிந்துவிட்டது. ஆதாரம் சேர்க்க வேண்டியதுதான் பாக்கி.

ஈஸ்வரிக்கு இது பிடிக்கவில்லை.

"ஏனுங்க, அவன் தப்புப் பண்ணியிருந்தா அவனே எதுக்குங்க போன் போட்டுச் சொல்றான்?"

"அங்கதான் இருக்குது அவன் சாமர்த்தியம்."

"ஆமாங்க. உங்களோட முப்பது வருசமாக் குடித்தனம் பண்றனே, எனக்குச் சாமர்த்தியமுன்னா என்னன்னு தெரியாதாக்கும்" என்று உள்ளே போய்விட்டாள்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை நான் கிளம்பினேன். இடைப்பட்ட நாட்களில் போனில் தினமும் ஒரு வைத்தியம் சொல்வேன். அவன் செய்து பார்த்து, வாடை போகவில்லை என்பான். செய்தானா என்று எனக்கு எப்படித் தெரியும்? நேரிலேயே போய்விடுவது நல்லது. பையில் எடுத்துக்கொண்டவை: ஆப்ப சோடா, வினிகர், காப்பித்தூள், எலுமிச்சம்பழம், அடுப்புக்கரி, சாம்பிராணி, சாக்பீஸ். டைரி தனிப் பையில். நான்கு பேருந்து மாறி, பிற்பகல் 3.10க்கு எஸ்டேட்டில் இறங்கினேன்.

முருகேசன் வீடு லயத்தில் இருக்கிறது. தொழிலாளர்களுக்கு எஸ்டேட் கட்டிக் கொடுத்த, ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் போகிற வீடுகள் அவை. அவன் மனைவி பேச்சியம்மாள் தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்ப்பதால் கிடைத்த வீடு. லயத்துக்கு முன்னால் இருந்த முற்றத்தில் என் வேன் நின்றது. கதவைத் திறந்தேன். வாடை உண்மைதான். மூக்கில் ஏறி, கண் வழியாக வெளியே வந்தது.

"பாத்தியளா அண்ணாச்சி?" என்றான் முருகேசன்.

"பாக்கலாம், பாக்கலாம்" என்றேன், நாடி பிடிக்கிற வைத்தியர் மாதிரி.

எதையும் முறையாகச் செய்வது என் வழக்கம். மெத்தைகளை வெளியே எடுத்துப் பாயில் போட்டு, சாக்பீஸால் ஒவ்வொன்றையும் பன்னிரண்டு கட்டமாகப் பிரித்தேன். பிறகு மண்டியிட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் மூக்கை வைத்து முகர்ந்து, பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போட்டேன். ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவில் மூக்கைத் தெளியவைக்கக் காப்பித்தூளை முகர வேண்டும். லயத்துப் பெண்கள் இரண்டு பேர் தண்ணீர்க் குடத்தோடு நின்றுவிட்டார்கள்.

"ஏ முருகேசா, உங்க மொதலாளி மெத்தையக் கும்புடுதாரா?"

"வாடை பாக்காரு மதினி."

"இருவத்துநாலு தடவையா? நல்ல மனுசன்."

நான் பொருட்படுத்தவில்லை. மிக முக்கியமான ஒன்றைக் கண்டுபிடித்திருந்தேன். மேல்பக்கம் சராசரி ஆறு. புரட்டிப்போட்டு முகர்ந்தால் அடிப்பக்கம் ஒன்பது. எழுதினேன்: "வாடை மெத்தைக்கு அடியிலிருந்து ஏறியிருக்கிறது. ஆகவே கேன்கள் மெத்தைக்கு அடியில்தான் வைக்கப்பட்டன."

(இந்த இடத்தில் வாசகர் என்னைவிட வேகமாக யோசித்தால் தயவுசெய்து காத்திருக்கவும். நான் அங்கே போய்ச் சேர இன்னும் ஒரு நாள் ஆகும்.)

அன்று மாலை ஆப்ப சோடாவை மெத்தை முழுக்கத் தூவினோம். நாலு மூலையிலும் அடுப்புக்கரி வைத்தோம். கிண்ணங்களில் காப்பித்தூள் வைத்தோம். அதோடு விடாமல் சாம்பிராணி போட்டால் மூலைமுடுக்கெல்லாம் சுத்தமாகும் என்று நான் தணலோடு வேனுக்குள் ஏறப் போனபோது முருகேசன் என் இடுப்பைப் பிடித்து இழுத்துவிட்டான்.

"அண்ணாச்சி! டீசல் வாடை அடிக்க வண்டிக்குள்ள நெருப்பா? நம்ம ரெண்டுபேரும் குமுளி வரைக்கும் பறந்து போயிருவோம்."

பையன் என் உயிரைக் காப்பாற்றினான். டைரியில் நான் எழுதியது: "வேனுக்குள் போகவிடாமல் தடுக்கிறான்."

இரவு அவன் வீட்டில்தான் சாப்பாடு. பேச்சி மத்தி மீன் குழம்பு வைத்திருந்தாள். மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் அவன் உஷாராகிவிடுவான் அல்லவா.

வெள்ளிக்கிழமை காலை சோடாவைத் தட்டி எடுத்தோம். வாடை அப்படியே இருந்தது. வெளியே நூல் நூலாக மழை. மெத்தையைக் காயப்போட வெயில் வேண்டும். "கம்பத்துக்கு இறங்கிருவோம் அண்ணாச்சி, அங்ஙன வெயிலு கொளுத்தும்" என்றான். அவன் வாயாலேயே கம்பம் வந்ததும் நான் உள்ளுக்குள் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

மலை இறங்கியவுடன் அவன் வண்டிக்கு டீசல் போட ஒரு பங்க்கில் நிறுத்தினான். பங்க்கில் நின்ற ஆள் சிரித்துக்கொண்டே வந்து கேட்டான்:

"என்னண்ணே, இன்னைக்குக் கேன் கொண்டாரலையா?"

"இன்னைக்கு வேண்டாம்ப்பா" என்று முருகேசனும் சிரித்தான்.

டைரியை மடியிலேயே பிரித்தேன். எழுத்து கொஞ்சம் கோணலாகத்தான் விழுந்திருக்கிறது: "11.05. கேன்! பழக்கமான சிரிப்பு. இருவருக்கும்."

ஊருக்கு வெளியே ஒரு திராட்சைத் தோட்டத்தின் சுற்றுச்சுவர்மேல் மெத்தைகளை விரித்தோம். கட்டில் விரிப்பு, தலையணை உறை எல்லாவற்றையும் எலுமிச்சைச் சாறு கலந்த சோப்புத் தண்ணீரில் அலசிப் போட்டோம். மெத்தைகளின்மேல் நான் வினிகர் தெளித்தேன். வெயில் ஏற ஏற, முன்தினம் ஒட்டியிருந்த சோடாவும் காப்பித்தூளும் வினிகரும் எலுமிச்சையும் டீசலும் ஒன்றோடொன்று உறவாகிவிட்டன. ஊறுகாய்க் கடைக்குள் லாரி புகுந்தால் என்ன வாசனை வருமோ அது வந்தது. சுவரோரம் மேய்ந்துகொண்டிருந்த ஆடு ஒன்று பக்கத்தில் வந்து முகர்ந்து பார்த்தது. அப்படியே திரும்பி, திரும்பிப் பார்க்காமல் போனது.

ஆனால் இரண்டு மணி வெயிலுக்குப் பிறகு டீசல் வாடை மட்டும் நன்றாகக் குறைந்திருந்தது. நான் மதிப்பெண் போட்டுப் பார்த்தேன். மூன்று. முருகேசன் முகம் மலர்ந்தது.

"நாளைக்கு வாறவிய தாராளமாப் படுக்கலாம் அண்ணாச்சி."

மெத்தைகளைக் கட்டில்மேல் போட்டு, கதவைச் சாத்தி, மலை ஏறினோம். நான் முன்னிருக்கையில் உட்காராமல், பின்னால் மெத்தைமேலேயே உட்கார்ந்து காவல் காத்தேன். ஒரு கேனும் ஏறவில்லை. ஒரு சொட்டும் விழவில்லை. குமுளி வந்தபோது வாடை எட்டு.

புத்தியுள்ள எவனும் அந்த நேரத்தில் தன் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்திருப்பான். நான் எழுதினேன்: "வாடை ஆழமாக இறங்கி ஊறியிருக்கிறது. கேன்கள் பல நாள் இருந்திருக்க வேண்டும்."

லயத்து முற்றத்தில் வண்டி நின்றபோது மணி 3.35. மறுநாள் காலை ஒன்பதுக்கு விருந்தினர்கள். எனக்குப் பொறுமை போய்விட்டது. தனியாகக் கூப்பிட்டுப் பேசியிருக்கலாம். நான் அப்படிச் செய்யவில்லை. எதையும் முறையாகச் செய்கிறவன் அல்லவா? வேன் படிக்கட்டில் நின்று, டைரியைப் பிரித்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஏழு குறிப்புகளையும் வரிசை எண்ணோடு உரக்க வாசித்தேன். கொழுந்து பறித்துவிட்டு வந்துகொண்டிருந்தவர்கள் கூடையோடு நின்றார்கள். ஐந்தாவது குறிப்பு வரும்போது லயம் முழுக்க வாசலில் இருந்தது.

முருகேசன் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். நான் முடித்ததும் கேனைப் பற்றி மட்டும் சொன்னான்.

"போன வாரம் மூணாவது வளைவுல ஒரு ஜீப்பு டீசல் தீந்து நின்னுபோச்சி. உள்ள பிள்ளத்தாச்சிப் பொண்ணு. அஞ்சு லிட்டர் வாங்கி, வண்டிக்குப் பின்னால ஏணியில கட்டிக் கொண்டாந்து குடுத்தேன். வண்டிக்குள்ள ஏத்துனா மெத்தையில வாடை புடிச்சிருமேன்னு உள்ள ஏத்தல."

பிறகு சாவியை எடுத்து பானட்டின்மேல் வைத்தான்.

"வேற ஆளப் பாத்துக்கிடுங்க அண்ணாச்சி."

அவனுக்கு வேறு வேலை கிடையாது. எனக்கு வேறு டிரைவர் கிடையாது. இரண்டும் எங்கள் இருவருக்கும் தெரியும். இருந்தும் அவன் சாவியை வைத்துவிட்டு வாசல்படியில் போய் உட்கார்ந்தான். நான் டைரியைக் கையில் பிடித்துக்கொண்டு, ஜெயித்தவன் முகத்தை வைத்துக்கொள்ளலாமா வேண்டாமா என்று நின்றேன்.

நாலு மணிக்கு ஃபேக்டரிச் சங்கு ஊதியது. பேச்சி வந்தாள். அவள் தேயிலைத் தூளைத் தரம் பிரிக்கிற அறையில் பதினாலு வருடமாக வேலை செய்கிறாள். அந்த அறைக்குப் பூ வைத்துக்கொண்டு போகக்கூடாது, பவுடர் கூடாது, வாசனைத் தைலம் கூடாது. தேயிலை எதையும் சட்டென்று பிடித்துக்கொள்ளும். ஆகவே அங்கே வேலை செய்கிறவர்களின் மூக்கு தனி ரகம். யாரோ ஒரு பெண் அவள் காதில் நடந்ததைச் சொன்னாள். அவள் புருஷனைப் பார்த்தாள். சாவியைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. நேரே வேனுக்குள் ஏறினாள்.

ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

"அண்ணாச்சி, டீசல் இருக்கு. இல்லங்கல. கூட வேப்பெண்ணெ இருக்கு."

"வேப்பெண்ணெயா?"

மெத்தையைத் தூக்கி நிறுத்தி, கட்டில் பலகையின் அடிப்பக்கத்தில் விரலை ஓட்டினாள். இறங்கி வந்து அந்த விரலை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். பழுப்பாக, பிசுபிசுப்பாக இருந்தது.

"எங்க எஸ்டேட்டுல ஒத்த வேப்பமரம் காட்டுங்க பாப்போம். வேப்பெண்ணெ யாரு ஊருல இருந்து வந்துச்சி?"

என் ஊரிலிருந்துதான். கிழக்குப் பாலக்காட்டுக்காரர்களுக்கு மட்டுமே இது புரியும். எங்கள் பக்கம் மரம் என்று எது வீட்டுக்குள் வந்தாலும், விட்டமோ மாட்டுக்கொட்டகைத் தூணோ, டீசலும் வேப்பெண்ணெயும் கலந்து பூசாமல் விடமாட்டோம். கரையான் அண்டாது. சோற்றுக்கு உப்புப் போடுவது மாதிரி அது. உப்புப் போட்டேன் என்று யாராவது ஞாபகம் வைத்திருப்பார்களா?

"அந்த நோட்டுல எழுதியிருப்பியள்லா? தேடுங்க" என்றாள் பேச்சி.

"எல்லாப் பக்கமும் பார்த்தாச்சு" என்றேன். "திங்கட்கிழமையிலிருந்து."

"எந்தத் திங்கக்கிழம?"

"முருகேசன் வண்டி எடுத்துட்டு வந்த திங்கட்கிழமை."

"அதுக்கு முந்தி?"

அதுக்கு முந்தி நான் பார்க்கவில்லை. முருகேசன் இல்லாத நாட்களில் தப்பு எப்படி நடக்கும்? மெதுவாகப் பின்னோக்கிப் புரட்டினேன். இருந்தது. சுத்தமான கையெழுத்தில், நேரத்தோடு இருந்தது. டைரியைச் சட்டென்று மூடினேன். கூட்டத்தில் நின்ற ஒரு பெரியவர் விடவில்லை.

"சத்தமா வாசிங்க சாமி. அப்பம் மட்டும் சத்தமாத்தான வாசிச்சிய?"

வாசித்தேன்.

"செவ்வாய். தச்சர் கட்டில் பலகைகளைப் பொருத்தினார். கரையான், உளுப்பூச்சி வராமல் இருக்க, அடிப்பக்கம் முழுதும் டீசலும் வேப்பெண்ணெயும் கலந்து இரண்டு பூச்சு நானே அடித்தேன். ஒரு சந்து விடவில்லை. மனநிறைவு."

"அம்புட்டுத்தானா?"

"அதற்குக் கீழே இன்னொரு வரி இருக்கிறது."

"வாசிங்க."

"மாலை 5.20. மூன்றாவது பூச்சும் அடித்தேன்."

லயத்தில் கிளம்பிய சிரிப்பில் பின்னால் தேயிலைச் சரிவிலிருந்து மைனாக்கள் எழும்பிப் பறந்தன. இத்தனை நாள் எங்கள் யாருக்கும் ஏன் வாடை தெரியவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. பெருமாட்டியில் வேன் நின்றது டீசல் என்ஜின் கொட்டகைக்குப் பக்கத்தில். எங்கள் குடும்பத்து மூக்குகள் அந்த வாடைக்கு ஓய்வு வாங்கிப் பல வருடம் ஆகிறது.

எல்லோரும் சிரித்தார்கள், முருகேசனைத் தவிர. நான் சாவியை எடுத்துக்கொண்டு அவன் முன்னால் போய் நின்றேன்.

"தப்பு என்ர மேலதான் முருகேசா. மன்னிச்சுக்க."

அவன் சாவியை வாங்கவில்லை.

"சந்தேகப்பட்டது கூடப் பெருசில்ல அண்ணாச்சி. நேத்து ராத்திரி எங்கூட உக்காந்து சாப்புட்டிய. இன்னைக்குப் பூராவும் கூடவே வந்திய. ஒரு வார்த்த எங்கிட்டக் கேக்கலியே."

சாவியைத் திரும்பவும் பானட்டின்மேல் வைத்தேன்.

பேச்சி குறுக்கே வந்தாள். "பேச்சு பொறவு இருக்கட்டும். வெளிச்சம் போறதுக்குள்ள பலகையக் கழத்துங்க."

கழற்றினோம். முருகேசன் திருகாணியைக் கழற்றி என் உள்ளங்கையில் வைப்பான், முகத்தைப் பார்க்க மாட்டான். கட்டில் பலகைகள் வெளியே வந்தபோது அவற்றின் அடிப்பக்கம் மினுமினுவென்று, குளித்து எண்ணெய் தேய்த்த எருமை மாதிரி இருந்தது. வேனின் தரையையும் இரும்புச் சட்டத்தையும் சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்தோம். நான் தேய்த்தேன். பேச்சி மேற்பார்வை. "அந்த மூல," என்பாள். தேய்ப்பேன். "மறுபடி" என்பாள். தேய்ப்பேன்.

பலகைக்கு என்ன செய்வது? அந்தக் காலத்தில் தேயிலை அடைத்து அனுப்பிய மரப்பெட்டிகள் லயத்தில் சில வீடுகளில் இன்னும் துணி வைக்கிற பெட்டியாக இருக்கின்றன. பேச்சி போய்க் கேட்டாள். மூன்று வீட்டில் கொடுத்தார்கள். என்னை வாசிக்கச் சொன்ன பெரியவரும் கொடுத்தார். ("பூச்சு கீச்சு அடிச்சிராதீய சாமி.") பெட்டிகளைப் பிரித்துப் பலகையாக்கி அடித்தோம். என் மெத்தைகளைப் பேச்சி ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டாள். இலவம்பஞ்சு ஒரு தடவை குடித்ததைக் கக்காது என்றாள். லயத்து வீடுகளிலிருந்து நல்ல கம்பளிகளும் விருந்தாளிக்கென்று எடுத்து வைத்திருந்த மெத்தைகளும் வந்தன. ஒவ்வொன்றையும் அவள் முகர்ந்து பார்த்துத்தான் ஏற்றினாள். இரண்டைத் திருப்பி அனுப்பினாள். ஒன்றில் மூக்குப்பொடி, ஒன்றில் பல்லி.

சனிக்கிழமை காலை ஒன்பதுக்குச் சரியாகத் தலைமையாசிரியை அம்மா வந்து இறங்கினார். வேனுக்குள் ஏறினார். நான் வெளியே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே நின்று இரண்டு முறை மூச்சை இழுத்தது கேட்டது.

"இதென்ன, உள்ள தேயிலை வாசனையா வருது? உங்க ஏற்பாடா?"

அவர் கேட்டது என்னை. நான் வாயைத் திறப்பதற்குள் முருகேசன் பதில் சொன்னான்.

"ஆமாம்மா. அண்ணாச்சி எல்லாத்தையும் ரொம்ப யோசிச்சுத்தான் செய்வாரு."

முந்தின நாள் மாலைக்குப் பிறகு அப்போதுதான் அவன் என்னைப் பார்த்தான். கண்ணில் கொஞ்சம் சிரிப்பு இருந்தது, கொஞ்சம் இன்னும் ஆறாமலும் இருந்தது. பானட்டின்மேல் இரவு முழுக்கப் பனியில் கிடந்த சாவியை எடுத்துச் சட்டையில் துடைத்தான்.

"மூணு நாள்ல வந்துருவேன். அதுவரைக்கும் அந்த நோட்டுல எம்பேரு வரக்கூடாது, சொல்லிட்டேன்."

வரவில்லை. அந்த மூன்று நாள் பக்கங்களில் மழையைப் பற்றி மட்டும்தான் இருக்கிறது. மிக விரிவாக இருக்கிறது.

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. வேன் ஓடுகிறது. முருகேசன்தான் ஓட்டுகிறான். கழற்றிய பலகைகளை எந்தப் பேருந்திலும் ஏற்ற முடியாமல் லயத்திலேயே விட்டுவிட்டு வந்தேன். பெரியவர் அதில் கோழிக்கூடு அடித்திருக்கிறார். இன்றுவரை ஒரு கரையான் அண்டவில்லை என்பதை நடுநிலையோடு பதிவுசெய்கிறேன். எங்கள் வீட்டில் மூக்குக் கண்ணாடியோ கத்தரிக்கோலோ காணாமல் போய், நான் யாரையாவது முறைக்க ஆரம்பித்தால், ஈஸ்வரி அடுப்படியிலிருந்தே, "ஏனுங்க, முந்தின பக்கத்தப் பாருங்க" என்பாள். மருமகள்களும் இப்போது அதைக் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

எஸ்டேட்டில் இன்னும் மோசம். அந்த வீட்டுக்கு நான் எப்போது போனாலும் பேச்சி என்னை வாசலில் நிறுத்தி, கையில் இருக்கிற பையை வாங்கி முகர்ந்து பார்ப்பாள். பிறகு கையை முகர்வாள். லயமே காத்திருக்கும். "ம், போலாம்" என்று அவள் சொன்ன பிறகுதான் உள்ளே விடுவார்கள். நானும் போனவுடன் கையை நீட்டிக்கொண்டு நிற்பதைப் பழகிக்கொண்டேன்.

போன மாதம் போயிருந்தேன். கையை நீட்டினேன். பேச்சி பையை வாங்கி அப்படியே உள்ளே வைத்துவிட்டு, "வாங்க அண்ணாச்சி, உக்காருங்க" என்றாள்.

"முகரலையா?"

"எதுக்கு? உங்க மேல எங்களுக்கு நம்பிக்க இல்லியா?"

உள்ளே முருகேசன் எதையோ பார்த்துக்கொண்டிருப்பது போல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். டீயைக் குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஊருக்குத் திரும்புகிற பேருந்தில் முதல் வேலையாக டைரியை எடுத்தேன்.

"ஞாயிறு, காலை 10.15. திடீரென்று நம்பிக்கை என்கிறார்கள். காரணம் தெரியவில்லை."